துறைக்குறிப்பு இல்லாத துணி

பலஸ்தீனப் பெண்களின் தையல் வேலைப்பாடாகிய தத்ரீஸ் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழியில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் அதன் அழகைப் பேசுவர். மறுசாரார் அதன் அரசியலைப் பேசுவர. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இரண்டு சாராரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று கிடக்கிறது. பழைய சட்டையொன்றை வெட்டி, அதன் நெஞ்சுப் பகுதியைப் பிறேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். கையைப் பிரித்துக் குஷன் உறை தைக்கிறோம். அப்போது அந்தத் துணிக்கு என்ன நடக்கிறது? அதை வாசிக்கிற நமக்கு என்ன கிடைக்கிறது, என்ன கைநழுவிப் போகிறது?

இந்தக் கேள்வியை ஒரு தமிழாசிரியை ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். துணியும் ஒரு பனுவல் என்பதே என் பதில். பனுவல் என்ற சொல்லிலேயே பஞ்சும் நூலும் இருக்கின்றன. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நாம், இழையால் எழுதிய ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் வாசிக்கிற பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம். “வடிவா ஈக்கி” என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுகிறோம்.

பழைய தையல் வேலைப்பாட்டைச் சேகரித்து வீட்டலங்காரமாக மாற்றுவது உலகெங்கும் உள்ள பழக்கம். அதை முழுக்கத் தவறென்று சொல்வது என் நோக்கமல்ல. எந்தத் துணியை வெட்டலாம், எதை வெட்டும்போது யோசிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு முதலில் பலஸ்தீனத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப்போய், ஐரோப்பாவின் கம்பளித் தையலைப் பார்ப்போம்.

வீட்டுக்கென்றே பிறந்த தையல்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுத்தர, மேல்தட்டு வீடுகளில் பேர்ளின் கம்பளி வேலை என்றொரு தையல் வெகுவாகப் பரவியிருந்தது. 1804இல் பேர்ளின் நகரத்தின் அச்சுப்பட வியாபாரி ஒருவர் கட்டம் போட்டு நிறம் தீட்டிய தையல் வரைபடங்களை முதன்முதலில் வெளியிட்டார். கட்டத்துக்குக் கட்டம் எண்ணி, கன்வஸ் துணியின் கண்ணறைகளில் கம்பளி நூலால் நிரப்பிக்கொண்டு போனால் ரோஜாவோ கிளியோ நாய்க்குட்டியோ வந்துவிடும். 1830களில் இந்த வரைபடங்கள் லண்டனில் தாராளமாக இறக்குமதியாயின. கதிரை இருக்கை, பாதம் வைக்கும் சிறு மணை, அடுப்பங்கரைத் திரை, குஷன் என்று வீடு முழுக்க அந்தக் கம்பளிப் பூக்கள் பூத்தன.

இத்தகைய பழைய கம்பளித் துண்டொன்றை இன்று ஒருவர் சந்தையில் வாங்குகிறார். கதிரை உக்கிப்போய்விட்டது, இருக்கைத் துணி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைக் குஷனாகவோ கைப்பையாகவோ மாற்றுகிறார். இதில் பெரிய இழப்பு ஏதும் இல்லை என்பதே என் கருத்து. அது வீட்டில் வைப்பதற்கென்றே தைக்கப்பட்டது. வடிவம் அச்சடித்த வரைபடத்திலிருந்து வந்தது; அதே ரோஜா ஆயிரம் வீடுகளில் இருந்தது. கதிரையிலிருந்து குஷனுக்குப் போவது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது மாதிரி.

இதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை ரொசிக்கா பார்க்கர் 1984இல் வெளியிட்ட தமது நூலில் காட்டினார். பெண்ணை அடக்கமுள்ளவளாக, வீட்டோடு இருப்பவளாக வளர்த்தெடுக்கத் தையல் ஒரு கருவியாக இருந்தது; அதே தையல் அவளுக்குத் தன் மனத்தைச் சொல்ல ஓர் இடமாகவும் இருந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். தையல் பற்றிய விமர்சனத்தில் அந்நூல் ஒரு திருப்பம். ஆனால் அதன் கண் பெரும்பாலும் ஐரோப்பிய வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வீடே பறிபோன பெண்ணின் தையலை வாசிக்க அதன் அளவுகோல் மட்டும் போதாது.

ஐரோப்பியத் தையலில் இன்னொரு வகையும் உண்டு. சிறுமிகள் தையல் பழகும்போது, பழகிய தையல்களையெல்லாம் ஒரே துணியில் தைத்து, கீழே தம் பெயரையும் வயதையும் ஆண்டையும் தைத்துவைப்பார்கள். லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் 1598ஆம் ஆண்டு என்று தைத்த அத்தகைய மாதிரித் துணி ஒன்று இருக்கிறது. ஆண்டு குறிக்கப்பட்ட பிரித்தானிய மாதிரித் துணிகளில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அது. தைத்தவரின் பெயர் ஜேன் பொஸ்டொக். 1596 நவம்பர் 23இல் ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியும் அதிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. நானூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தத் துணி தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. எந்தச் சுவரில் மாட்டினாலும் தைத்தவளின் பெயர் கூடவே வரும்.

பலஸ்தீனத் தோப்பில் அப்படிப் பெயர் தைக்கிற வழக்கம் இருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும், இது இன்னார் மகள் தைத்தது என்று. ஊர் இருக்கும்வரை அது போதுமானதாக இருந்தது.

சட்டையில் எழுதிய ஊர்

பலஸ்தீனக் கிராமத்துப் பெண்ணின் தோப் பல துண்டுகளால் ஆனது. நெஞ்சில் வரும் சதுரத்துக்குக் கப்பா என்று பெயர். பக்கவாட்டில் முக்கோணமாக விரியும் துண்டுகள் பனாயிக். பின்புறம் கீழே வரும் அகன்ற துண்டு ஷின்யார். ஒவ்வொன்றிலும் எந்த வடிவம், எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். சந்தையில் எதிரே வருகிறவளின் சட்டையைப் பார்த்தே அவள் எந்தப் பக்கத்தவள் என்று சொல்லிவிடலாம். நகப் பாலைவனத்துப் பதவிப் பெண்களிடையே கலியாணம் முடித்தவளின் தையலில் சிவப்பும், முடிக்காதவளின், விதவையின் தையலில் நீலமும் மேலோங்கி நிற்கும். வடிவங்களுக்கும் பெயர் உண்டு: சைப்ரஸ் மரம், நிலா, பாஷாவின் கூடாரம். ஒரு வடிவத்துக்குப் பெயரே ‘கலியாணம் ஆகாதவனின் தலையணை’. சட்டையில் தைத்த தலையணை இப்போது சட்டையைக் கிழித்துச் செய்த தலையணையாகிவிட்டது. இதைவிடக் கசப்பான சிலேடையை எந்தப் புலவரும் பாடியிருக்க மாட்டார்.

ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். யாஃபாவுக்கு அண்மையில் இருந்த பைத் தஜன். தோடம்பழத் தோட்டங்களின் ஊர். 1945இல் அங்கே 3,840 பேர் வாழ்ந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் நஃப்னூஃப் என்றொரு பூ வடிவத்தைத் தைத்தார்கள். ஊரின் தோடை மரங்களைப் பார்த்தே அது உருவானது என்று கருதப்படுகிறது. முதலாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பூ வேலை சட்டையில் மேலிருந்து கீழாக நீண்ட பட்டைகளாக இறங்கியது. அவற்றைக் கிளைகள் என்றார்கள். 1920களில் பெத்லஹேமிலிருந்து மானே ஹஸ்பூன் என்ற பெண்மணி அங்கே குடிவந்தார். அவருடைய தம்பியோ தமையனோ அங்கே தோட்டம் வாங்கியதுதான் காரணம். பெத்லஹேமின் பட்டுநூல் வேலைப்பாட்டை அவர் கொண்டுவந்தார். ஊர்ப்பெண்கள் அதைத் தம் போக்கில் மாற்றித் தைத்தார்கள். ஒரு குடும்பம் காணி வாங்கிய செய்திகூடச் சட்டையில் பதிந்துவிட்டது.

அந்த ஊரின் மணப்பெண் சட்டை ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. ஓரங்களில் சைப்ரஸ் மரங்களைத் தலைகீழாகத் தைப்பது அவ்வூர் மணச்சட்டைகளின் இயல்பு. கலியாண வாரத்தின் கடைசிச் சடங்காகக் கிணற்றுக்கு ஊர்வலமாகப் போகும்போது மணப்பெண் அதை அணிவாள். 1948 ஏப்ரலில் அந்த ஊர் காலியானது. இப்போது கிணற்றுக்குப் போக வழியில்லை. சட்டை மட்டும் லண்டனில் இருக்கிறது.

இந்த விவரங்களில் பெரும்பகுதியை நாம் அறிய வழிசெய்தவர்களில் முக்கியமானவர் ஷீலா வியர். 1989இல் வெளியான அவருடைய ‘பலஸ்தீன உடை’ என்ற நூல் பைத் தஜன் பெண்களின் உடையை ஒரு மொழியாக எடுத்து வாசிக்கிறது. எந்தச் சட்டை எப்போது, யார் முன்னிலையில், எந்தச் சடங்கில் என்பதையெல்லாம் இலக்கணம்போல வகுத்துச் சொல்கிறது. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு அந்த முறை அந்நியமாகத் தோன்றாது. நிலம், பொழுது, ஒழுக்கம் எல்லாம் அங்கேயும் உண்டு.

பாடினோர், பாடப்பட்டோர்

இவ்விடத்தில் நம் இலக்கியத்திலிருந்து ஓர் ஒப்பீட்டைச் சொல்ல வேண்டும். புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்ற குறிப்புகள் வரும். மாணவர்களுக்கு அது சலிப்பு. “சேர், இதையும் பாடமாக்கணுமா?” என்று ஆண் ஆசிரியர்களிடம் கேட்பார்கள், என்னிடமும் அதே கேள்விதான், “டீச்சர்” என்ற விளி மட்டும் மாறும். அப்போதெல்லாம் நான் ஒரு பயிற்சி கொடுப்பேன். குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வாசிக்கச் சொல்வேன். அழகு குறையாது. உவமை அப்படியே நிற்கும். ஆனால் யார் இறந்ததற்காக யார் அழுகிறார் என்பது தெரியாது. மறுகா குறிப்பைக் காட்டுவேன். வகுப்பு கொஞ்சம் அமைதியாகும்.

சட்டையிலிருந்து வெட்டியெடுத்த கப்பா, குறிப்பு மறைத்த பாட்டு. அழகு இருக்கிறது, ஆளில்லை. இதில் ஒரு வேறுபாடும் உண்டு. பாட்டின் குறிப்பு பாட்டுக்கு வெளியே, பின்னால் ஒருவர் சேர்த்தது. தோப்பின் குறிப்போ தோப்புக்குள்ளேயே இருக்கிறது. கப்பாவோடு ஷின்யார் சேர்ந்திருந்தால் ஊர் தெரியும். கிளைகள் எத்தனை என்று எண்ணினால் காலம் ஓரளவு தெரியும். விளிம்பில் ஒட்டுப்போட்ட இடம் பார்த்தால் எவ்வளவு காலம் உடுத்தாள் என்று தெரியும். பக்கம் விரித்துத் தைத்திருந்தால் உடம்பு பெருத்ததோ, தாய்க்குப் பிறகு மகள் உடுத்தாளோ என்று யோசிக்க இடமுண்டு. வெட்டும்போது முதலில் போவது இந்தக் குறிப்புகள்தான்.

பிறேம் இன்னொன்றையும் மறைக்கிறது: துணியின் பின்பக்கத்தை. தையல் தெரிந்தவர்கள் துணியைக் கையில் எடுத்தால் முதலில் புரட்டித்தான் பார்ப்பார்கள். நூல் எப்படித் தாவியிருக்கிறது, முடிச்சு எங்கே, எந்த இடத்தில் பழைய பட்டுநூல் முடிந்து புதிய பருத்திநூல் தொடங்குகிறது என்பதெல்லாம் பின்பக்கத்தில் கிடக்கும். அந்த நூல் மாற்றமே ஒரு வரலாறு. சிரியப் பட்டுநூல் இருந்த இடத்துக்கு 1930களில் பிரான்ஸின் டீ.எம்.சீ. கம்பனியின் பருத்திநூல் வந்தது. நூலோடு வடிவப் புத்தகங்களும் வந்தன. ஐரோப்பிய ரோஜாவும் பறவையும் பலஸ்தீனச் சட்டையில் ஏறின. கலப்பில்லாத தூய மரபு என்று எங்கேயும் எதுவும் இல்லை என்பதற்கு அந்தப் பின்பக்கம் சாட்சி.

வெட்டியவர்கள் யார்?

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். வரவும் வேண்டும். பலஸ்தீனப் பெண்களே சட்டையை வெட்டினார்கள் அல்லவா? ஆம். துணி நைந்துபோனாலும் தையல் திடமாக இருந்தால், கப்பாவைப் பிரித்தெடுத்துப் புதிய சட்டையில் வைத்துத் தைப்பது அவர்களின் வழக்கம். பெத்லஹேமில் தைத்த கப்பாவைத் தனியாக விலைக்கு வாங்கித் தம் ஊர்ச் சட்டையில் பொருத்திய மணப்பெண்களும் இருந்தார்கள். ஆகவே, ‘முழுச்சட்டைதான் புனிதம், துண்டு பாவம்’ என்று பேசுவது அந்தப் பெண்களின் சிக்கனத்தையும் புத்தியையும் அறியாத பேச்சு.

ஆனால் அவர்கள் வெட்டியதற்கும் கடைக்காரர் வெட்டுவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அவள் வெட்டிய கப்பா ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போனது. தாயின் நெஞ்சில் இருந்தது மகளின் நெஞ்சுக்கு வந்தது. அதை அறிந்த கண்கள் சுற்றிலும் இருந்தன. கடைக்காரர் வெட்டும்போது கப்பா ஒரு பிறேமுக்கு, கைகள் இரண்டு குஷனுக்கு, ஷின்யார் ஒரு கைப்பைக்கு என்று ஒரே சட்டை நாலு வீட்டுக்குப் பிரிந்து போகிறது. நாலு துண்டும் ஒன்றையொன்று இனிச் சந்திக்கப் போவதில்லை. கணக்குப் பார்த்தால் அதுதான் அவருக்கு இலாபம். முழுச்சட்டையை வாங்க ஒருவர்தான் வருவார், துண்டுகளுக்கு நாலு பேர்.

அந்தச் சட்டைகள் சந்தைக்கு வந்த கதையையும் மறக்கக்கூடாது. 1948இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. முகாமில் பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவள், கையில் கிடந்த பெறுமதியான பொருளை விற்றாள். நகை முதலில் போயிருக்கும், மறுகா கலியாணச் சட்டை. அந்த விற்பனை சட்டப்படி விற்பனைதான். அதில் அவளுடைய சம்மதம் எவ்வளவு இருந்தது என்பதை, அகதி வாழ்வு என்றால் என்னவென்று தெரிந்த நாம் வேறு யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மாற்றுத் துணியும் கையில் சிறு தொகையும் தவிர மற்றதெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், ‘உங்கட கலியாணச் சாரி இப்ப ஒரு வீட்டில குஷனாக் கிடக்கு, வடிவாத்தான் கிடக்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

சேகரித்தவர்கள்

சட்டைகளை முழுசாகக் காப்பாற்றியவர்களும் உண்டு. 1931இல் துல்கரமில் பிறந்து பெத்லஹேமில் வளர்ந்த விதாத் கவார் அவர்களுள் முதன்மையானவர். பல பத்தாண்டுகளாக அவர் சேர்த்தவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடைகளும் துணிகளும். அவற்றுக்காக 2015இல் அம்மானில் திராஸ் என்ற இல்லம் திறக்கப்பட்டது. 2011இல் வெளிவந்த அவருடைய ‘அடையாளத்தின் இழைகள்’ நூலில் எனக்குப் பெரிதாகப் படுவது படங்கள் அல்ல. சட்டையோடு சட்டைக்காரியின் கதையையும் அவர் கேட்டு எழுதியதுதான். பாடினோர், பாடப்பட்டோர் குறிப்பை அவர் சேர்த்தே சேகரித்தார். அதனால் அவருடைய சேகரிப்பு வெறும் பொருட்குவியலாக நின்றுவிடவில்லை, ஒரு தொகைநூலாகியது.

நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு குறையுண்டு. அது துணியை இறந்தகாலத்தில் பூட்டிவிடும். ‘ஒரு காலத்தில் இப்படி உடுத்தார்கள்’ என்ற தொனி வந்துவிடும். அதை உடைக்க முயன்ற காட்சிகளும் நடந்தன. பிர்ஸெய்த்தில் உள்ள பலஸ்தீன நூதனசாலை 2018இல் நடத்திய ‘அன்பின் உழைப்பு’ என்ற காட்சி, ரேச்சல் டெட்மன் ஒழுங்கமைத்தது, தத்ரீஸை மரபுச்சின்னமாக மட்டும் காட்டாமல் உழைப்பாக, சந்தைப் பொருளாக, போராட்டமாகவும் பார்த்தது. முதலாம் இன்திஃபாதா காலத்தில் பலஸ்தீனக் கொடியை உயர்த்தத் தடை இருந்தபோது, பெண்கள் கொடியின் நிறங்களையும் குப்பத்துஸ் ஸக்ராவையும் நாட்டின் வரைபடத்தையும் சட்டையில் தைத்து உடுத்தார்கள். கொடியைப் பறித்துக்கொள்ளலாம். உடுத்திருக்கும் சட்டையை என்ன செய்வது? அந்தச் சட்டைகளைப் பார்க்கும்போது, தத்ரீஸ் 1948உடன் முடிந்துபோன கலை என்ற எண்ணம் போய்விடும்.

தையல் அகதிமுகாமின் கூலி வேலையாகவும் ஆனது. காஸாவில் 1950இலிருந்தே ஐ.நா.வின் பலஸ்தீன அகதிகள் நிறுவனம் பெண்களின் தையலுக்கு ஒரு திட்டம் நடத்திவந்தது. லெபனானில் 1969இல் தொடங்கிய இன்ஆஷ் அமைப்பு முகாம் பெண்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தது. இங்கேதான் குஷன், மேசைவிரிப்பு, சுவர்த்துணி எல்லாம் நியாயமான வழியில் பிறக்கின்றன. அவை குஷனுக்கென்றே தைக்கப்படுபவை. தைத்தவளுக்குக் கூலி போகிறது. வீட்டில் தத்ரீஸ் வைக்க ஆசைப்படுகிறவருக்கு நேரான பாதை இது. பழையதை வெட்டத் தேவையே இல்லை. 2021இல் யுனெஸ்கோ பலஸ்தீனத் தையற்கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, வெறும் பொருளைப் பதியவில்லை. அறிவையும் திறனையும் சடங்கையும் பதிந்தது. கைகள் வாழ்ந்தால்தான் அவை வாழும்.

நம் வரவேற்பறை

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். மக்காவின் படம், வெல்வெட்டில் பொன்னிழையால் தைத்த ஆயத்துல் குர்ஸி, ஹஜ்ஜுக்குப் போனவர்களும் அரபு நாட்டில் வேலைக்குப் போன ராத்தாமாரும் கொண்டுவந்த சுவர்த்துணிகள். இவையெல்லாம் நம் வரவேற்பறைகளின் பழகிய காட்சி. அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் பலஸ்தீனத் தையல் துண்டும் சேரத் தொடங்கியிருக்கிறது. காஸாவுக்காகக் கலங்குகிற மனம் ஏதாவதொன்றைக் கண்முன்னே வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. அந்த மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் விமர்சகர் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். சுவரில் இருப்பது அன்பா, அலங்காரமா? இதைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்றுண்டு. ‘இது எந்த ஊர்த் தையல்?’ என்று விருந்தாளி கேட்டால் என்ன சொல்வோம்? ‘பலஸ்தீனம்’ என்று மட்டும் சொன்னால், பைத் தஜனும் ரமல்லாவும் பெத்லஹேமும் காஸாவும் கரைந்து ஒரே சொல்லாகிவிட்டன என்று பொருள். கிராமத்தின் பெயரை வரைபடத்திலிருந்து அழித்தவர்கள் ஒருபக்கம். அன்போடு அதே பெயரை மறந்துபோனவர்கள் மறுபக்கம். விளைவு மட்டும் ஒன்றுபோல் இருப்பது எவ்வளவு துக்கம்.

கிராமம் தெரியாவிட்டால் வடிவமும் தப்பாகப் போகும். தலைகீழாகத் தைத்த சைப்ரஸ் மரத்தைக் கண்ட பிறேம்காரர், ‘இது மாறி ஈக்கே’ என்று திருப்பி மாட்டிக்கொடுத்தால் நமக்கு ஒன்றும் விளங்காது. மரம் நேராகும், மணப்பெண்ணின் சட்டை தலைகீழாகும்.

இந்த இடத்தில் நமக்கென்று ஒரு சொல் இருக்கிறது: அமானிதம். பிறருடைய பொருளை நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருப்பவருக்கு அதன்மேல் முழு உரிமை இல்லை. விலை கொடுத்து வாங்கியது நமக்குச் சொந்தம் என்பது சந்தையின் நியாயம். முகாமில் பசிக்கு விற்ற கலியாணச் சட்டை எத்தனை கைமாறி வந்தாலும் அமானிதம் என்பதே என் துணிபு. அமானிதத்தைப் பயன்படுத்தலாம், பேணலாம். கத்திரிக்கோல் வைக்குமுன் அதன் உடையவளின் ஹக்கை நினைக்க வேண்டும்.

ஏற்கெனவே வெட்டப்பட்டு வந்துவிட்ட துண்டை என்ன செய்வது? அதைப் பழையபடி சட்டையாக்க முடியாது. ஆனால் மேலும் கெடுக்காமல் இருக்கலாம். பிசின் பூசி அட்டையில் ஒட்டக்கூடாது. பருத்தித் துணி போர்த்திய அமிலமற்ற அட்டையில் விளிம்போரமாக மெல்லிய தையலால் பிடித்துவைக்கலாம். அப்படியென்றால் நாளைக்கு ஒருவர் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்க்க இயலும். கண்ணாடி துணியில் முட்டக்கூடாது. வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிறேமின் பின்னால் ஒரு தாள்: எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது; சட்டையின் எந்தப் பகுதி; எந்த வட்டாரத்து வடிவம். கிடைத்தவரைக்கும் எழுதினால் போதும். நாம் மௌத்தான பிறகு பிள்ளைகள் அதை எடுத்துப் பார்க்கையில் ஒரு குறிப்பாவது மிஞ்சும்.

2023இன் இறுதியில் றஃபாவில் இருந்த நூதனசாலை குண்டுவீச்சில் அழிந்தது. ஊரில் இருப்பவை இப்படிப் போகையில், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளின் பெறுமதி கூடுகிறது. ஏதோ ஓர் அந்நிய நாட்டுச் சுவரில் தொங்கும் கப்பா ஒரு கிராமத்தின் கடைசிச் சாட்சியாக இருக்கக்கூடும். சாட்சிக்குப் பெயர் வேண்டும்.

இந்த அளவுகோலை நாம் நமக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். நம் உம்மம்மாமார் தலையணை உறைகளில் பூவும் கிளியும் தைத்து, நடுவில் ஆங்கிலத்தில் ‘குட் நைட்’ என்று எழுதினார்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத கைகளும் அதைத் தைத்தன, வடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக. மனைப்பொருளியல் பாடத்துக்காகச் சங்கிலித் தையல், குறுக்குத் தையல் என்று மாதிரித் துண்டுகள் ஒட்டிய கொப்பிகள் எத்தனை அலுமாரிகளில் கிடந்து கறையான் தின்றன! கிழக்கிலங்கையின் கவிகளைத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறோம். ‘நாட்டார் கவி’ என்ற பெயரிலேயே பாடியவளின் பெயர் போய்விட்டது. தையலுக்கோ அந்தத் திரட்டுகூட நடக்கவில்லை. நாட்டார் வழக்காற்றை ஆராய்பவர்கள் வாய்மொழியைக் கேட்கிற அக்கறையில் பாதியையாவது கைமொழிக்குக் கொடுத்திருந்தால், நம் பெண்களின் ஒரு நூற்றாண்டுக் கைவேலைக்கு இன்று ஒரு பட்டியலாவது இருந்திருக்கும்.

விதாத் கவார் தொடங்கும்போது அவரிடம் நூதனசாலை இருக்கவில்லை. துணியை விரித்துவைத்து, ‘இதை யார் தைத்தது, எப்போது உடுத்தது’ என்று கேட்கிற பழக்கம் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டமும் பணமும் தேவையில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, பக்கத்தில் இருக்கிற மூத்த பெண்ணிடம் கேட்டு, அவள் சொல்வதை ஒரு கொப்பியில் பெயரோடு எழுதிக்கொண்டால் வேலை தொடங்கிவிடும். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பலஸ்தீனத் துண்டைச் சுவரில் மாட்டுகிற வீடு, தன் அலுமாரியில் கிடக்கிற தலையணை உறையையும் ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும்.